ஓட்டிப் பார்த்தால் போதுமா?

பல த்ரெட்களில் இயங்கும் மென்பொருளைப் போதுமான அளவு சோதித்தால் பிழைகள் வெளிப்பட்டுவிடும், மென்பொருளின் மாதிரி அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் கருவியால் தேடிப் பார்க்கும் மாடல் செக்கிங் ஆய்வுக்கூடத்துக்கே உரியது என்கிறார்கள். இந்த வாதம் மூன்று இடங்களில் உடைகிறது.

1. எண்ணிக்கை. பத்துப் படிகள் கொண்ட இரண்டு த்ரெட்கள் 1,84,756 வரிசைகளில் பின்னிக்கொள்ளலாம். அதே அளவில் மூன்றாவதும் சேர்ந்தால் ஐந்தரை லட்சம் கோடி வரிசைகள். ஒரே சோதனையை ஒரே கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் அதே சில வரிசைகள்தான் வரும். இதில் எது ‘போதுமான அளவு’?

2. வரலாறு. நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துக்கான ரிமோட் ஏஜென்ட் மென்பொருளில் ஒரு பகுதியை 1997இல் ஸ்பின் என்ற மாடல் செக்கிங் கருவியால் ஆராய்ந்தபோது ஐந்து பிழைகள் சிக்கின. அவற்றுள் ஒன்றை ஒத்த பிழை, அவ்வாறு ஆராயப்படாத வேறொரு பகுதியில் இருந்தது. தரைச் சோதனைகள் அனைத்தையும் கடந்து, 1999 மே மாதம் விண்வெளியில் அது மென்பொருளை முடக்கியது. சோதனை குறைந்ததாலா இது நேர்ந்தது?

3. மறுப்பு. மாதிரி வேறு, நிரல் வேறு. நிலைகளும் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வடிவமைப்பிலேயே இருக்கும் ஓட்டையைக் காட்ட மாதிரி போதும். ஒரே விளைவைத் தரும் வரிசைகளைத் தொகுத்துத் தேடலைச் சுருக்கவும் வழி உண்டு. ஜாவா பாத்ஃபைண்டர் என்ற மாடல் செக்கிங் கருவி, தனி மாதிரிக்குப் பதிலாக ஜாவா நிரலின் பைட்கோடையே ஆராய்கிறது. பிழைக்கு இட்டுச்சென்ற படிகளையும் வரிசையாகக் காட்டுகிறது. சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. பூட்டுகளும் பகிர்ந்த நினைவகமும் சந்திக்கும் மையப் பகுதியையாவது இப்படிச் சரிபார்க்காமல் வெளியிடுவது அலட்சியம்.