உப்பளத்தில் தொடங்கட்டும் வேதியியல்

சுசீந்திரம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு வேதியியல் கேள்வி இருக்கிறது. 'சுசி' என்றால் தூய்மை. இந்திரன் இங்கே வழிபட்டுப் பாவம் நீங்கித் தூய்மை பெற்றான், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். கொதிக்கும் நெய்யில் மூழ்கி எழுந்தான் என்பது கதை. அந்தக் கதையை ஒட்டி ஒரு கொடிய வழக்கமும் தாணுமாலயன் கோயிலில் நெடுங்காலம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, காய்ச்சிய நெய்க்குள் கையை விட்டு அடியில் கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். கை வெந்துபோனால் குற்றவாளி; வேகாவிட்டால் தூயவன். கைமுக்கு என்று அதற்குப் பெயர். திருவிதாங்கூரை சுவாதித் திருநாள் ஆண்ட 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது நிறுத்தப்பட்டது.

மனிதன் தூயவனா என்று நெய் சொல்லாது. ஆனால் ஒரு பொருள் தூயதா என்று வெப்பம் சொல்லும். தூய சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும். நெய்க்கு அப்படி ஒரே உருகுநிலை கிடையாது. அது பல கொழுப்புகளின் கலவை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளகும். வெண்ணெயை உருக்கும்போது சடசடவென்று பொரிவதும் கொழுப்பு அல்ல, வெண்ணெய்க்குள் இருக்கும் நீர். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. சத்தம் அடங்கினால் நெய் பதத்துக்கு வந்துவிட்டது என்று வீட்டுப் பெண்கள் சொல்வது, கலவை பிரிந்துவிட்டது என்பதற்கான துல்லியமான அறிகுறி. பதினெட்டடி அனுமாருக்கு வெண்ணெய் சாத்தும் ஊரில், தூய பொருள் எது, கலவை எது என்ற பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் வேதியியல் நூலில் முதல் அலகின் பெயர் 'வேதியியலின் அடிப்படைக் கருத்துக்கள் மற்றும் வேதிக் கணக்கீடுகள்'. பருப்பொருள், தனிமம், சேர்மம், கலவை, மோல், செறிவு என்று இரண்டாண்டுப் படிப்புக்கும், பிறகு பி.எஸ்சி.க்கும் அஸ்திவாரம் இந்த அலகுதான். பல பிள்ளைகள் வேதியியலை வெறுக்கத் தொடங்குவதும் இங்கேதான். வரையறைகள் கரும்பலகையில் ஏறுகின்றன, நோட்டில் இறங்குகின்றன, தேர்வுத்தாளில் திரும்பி வருகின்றன. பொருள் மட்டும் வகுப்பறைக்குள் வருவதே இல்லை. நாஞ்சில் நாட்டில் இப்படி நடப்பதற்கு மன்னிப்பே கிடையாது. இந்தச் சிறு குமரி மாவட்டத்தில் அடிப்படைக் கருத்துகள் கடற்கரையிலும் தோட்டத்திலும் வயலிலும் திறந்து கிடக்கின்றன.

சுசீந்திரத்திலிருந்து தெற்கே போனால் சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பாத்திகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு படி. கடல்நீரில் கிலோவுக்கு சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதை முதல் பாத்தியில் விட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். முதலில் கால்சியம் கார்பனேட் படியும். இன்னும் சுண்டினால் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கீழே இறங்கும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சோற்றில் போடும் உப்பு படிகமாகத் தொடங்கும். எப்போது எந்தப் பாத்திக்கு நீரைத் திருப்புவது என்பதற்கு ஒரு கண்ணாடி மிதவையை விட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வகுத்த அளவு அது. கடல்நீர் 3 டிகிரி அளவில் உள்ளே வரும். 25 டிகிரியில் உப்பு விளையும். 29, 30 டிகிரி வருவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் பேராசைப்பட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும். அந்த உப்பு கசக்கும், மழைக்காலத்தில் நீர்விட்டுக் கசியும்.

இதில் எத்தனை பாடங்கள்! கரைதிறன், செறிவு, தெவிட்டிய கரைசல், பின்னப் படிகமாக்கல், தூய்மை. அதோடு பாடநூலில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு விஷயமும் உண்டு. வெடியுப்பைப் போலச் சூடான கரைசலை ஆற வைத்து உப்பை எடுக்க முடியாதா என்று ஒரு மாணவி கேட்கலாம். எடுக்க முடியாது. 100 கிராம் நீரில் 0 டிகிரியில் சுமார் 36 கிராம் சோடியம் குளோரைடு கரையும், 100 டிகிரியில் 39 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆற வைத்தால் கையளவு உப்புகூட வராது. நீரை ஆவியாக்கித்தான் ஆக வேண்டும். இத்தனை பெரிய நிலப்பரப்பும் இத்தனை வெயிலும் உப்பளத்துக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. கரைதிறன் வளைகோட்டைத் தாளில் நூறு முறை வரைந்த பிள்ளைக்கும் இது உறைக்காமல் போகலாம். வரப்பில் நின்று ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

பிள்ளைகளை அதிகம் மிரட்டுவது மோல். 6.022 × 10²³ என்று எழுதிப் போட்டதும் வகுப்பு உறைந்துபோகிறது. நம் கணக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இந்த முறை புதிதல்ல. நெல்லை யாரும் மணி மணியாக எண்ணி விற்பதில்லை. மரக்காலால் அளப்பார்கள், கோட்டைக் கணக்கில் பேசுவார்கள். இன்னும் நெருக்கமான உவமை பக்கத்திலேயே திருப்பதிசாரத்தில் இருக்கிறது. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம்தான் டி.பி.எஸ். நெல் ரகங்களைத் தந்தது. நெல் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் 'ஆயிரம் மணி எடை' என்று ஓர் எண் வைத்திருப்பார்கள். ஆயிரம் மணி 20 கிராம் என்றால், 75 கிலோ மூட்டையில் 37 லட்சத்து 50 ஆயிரம் மணிகள். எண்ணாமலேயே எண்ணிவிட்டோம். சன்ன ரகத்துக்கு அந்த எடை குறையும், மோட்டா ரகத்துக்குக் கூடும். ஆனால் மணி ஆயிரம்தான். மோலும் இதே ஏற்பாடு. நீருக்கு 18 கிராம், உப்புக்கு 58.5 கிராம். எடை மாறும், எண்ணிக்கை மாறாது. அந்த எண்ணிக்கையை 2019 மே 20 முதல் உலகம் முழுக்க ஒரே துல்லிய எண்ணாக நிலைநிறுத்திவிட்டார்கள். 18 கிராம் நீர் மூன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல். அதை ஒரு தம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு மோல் என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரின் வகுப்பில் பயம் நிற்காது.

அமிலமும் காரமும் என்ற பாடத்துக்கு இந்த மாவட்டம் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு இன்னும் அழகானது. கிழக்கே பனை, மேற்கே ரப்பர். இரண்டிலும் மரத்தைச் சீவினால் நீர்மம் வடிகிறது. இரண்டுக்கும் செய்யும் வைத்தியமோ நேர் எதிர்.

அக்கானி எனப்படும் பதநீரை எடுக்கும் கலயத்தின் உட்புறத்தைப் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கும். பூசாத கலயத்தில் வடிந்தது மாலைக்குள் கள்ளாகிவிடும். ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடும். சுண்ணாம்பு பதநீரைக் காரத்தன்மைக்கு இழுத்து அவற்றின் வேலையைத் தடுக்கிறது. அது மட்டுமல்ல. புளித்து அமிலம் ஏறினால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபுரக்டோஸுமாகிவிடும். அந்த அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாமல் இளகிக் கிடக்கும். ஒரு விரல் சுண்ணாம்பில் கருப்பட்டியின் விலையே அடங்கியிருக்கிறது. அந்தச் சுண்ணாம்பின் பிறப்பிலும் ஒரு வேதிக் கணக்கு உண்டு. சிப்பியைச் சூளையில் நீற்றும்போது 100 கிராம் கால்சியம் கார்பனேட் 56 கிராம் சுண்ணாம்பாகவும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. பொருண்மை அழியா விதிக்கு வேறு சாட்சி வேண்டாம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனால் கதை தலைகீழ். சிரட்டையில் வடிந்த ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். ரப்பர் துகள்கள் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பாலாகவே நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் அம்மோனியா, அதாவது காரம், சேர்க்கிறார்கள். ஷீட் போட வேண்டுமென்றால் டிஷ்ஷில் ஊற்றி நீர்த்த ஃபார்மிக் அமிலம் விடுகிறார்கள். அமிலம் அந்த மின்சுமையை அடக்கியதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிட் எவ்வளவு விட வேண்டும், கூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் கைவழக்கம். அதே பிள்ளை வகுப்பில் கூழ்மத்தின் திரிதலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. தான் காலையில் செய்த வேலையைத்தான் புத்தகம் சொல்கிறது என்று அதற்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேதனையான விஷயம் இது.

மணவாளக்குறிச்சிக்கு வருவோம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். மோனசைட் என்று கண்டார். மணலின் ஊரைத் தேடி வந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை அகப்பட்டது. அப்போது அந்த மணலுக்கு ஏன் அத்தனை மதிப்பு? திருவிழா இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும், பளீரென்று ஒளிர்வது அதன் 'மாண்டில்'. 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த வலை அது. அந்தத் தோரியம் மோனசைட்டில் இருந்தது. இன்று அந்தக் கடற்கரையில் கனிம மணலைப் பிரிப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம்.

தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு வரிசைகளைத் தேர்வுக்கு வராது என்று மாணவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மோனசைட்டில் உள்ள லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம் நியோடிமியக் காந்தம். அட்டவணையின் அடிவரிசை குமரி மாவட்டத்தில் காலில் ஒட்டும் மணல். கூடவே, வாழ்வைத் தொடும் பிரச்சினையும் அதுவே. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்து வருகின்றனர். கதிர்வீச்சு என்ற சொல் அந்த ஊர்களின் அன்றாடப் பேச்சு. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டுகள் என்றால் அது மெதுவாகச் சிதைகிறது என்று பொருள். ஆனால் அதிலிருந்து பிறக்கும் ரேடியம் போன்றவை வெகு வேகமாகச் சிதைபவை. இதைப் புரிந்துகொண்ட பிளஸ் டூ மாணவர், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரியிடம் அளவு என்ன, அலகு என்ன என்று கேட்க முடியும். புரியாதவரை யார் வேண்டுமானாலும் பயமுறுத்தலாம், யார் வேண்டுமானாலும் சமாதானப்படுத்தலாம்.

நீட் தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலை. அந்தத் தேர்வில் வேதியியலுக்கு மட்டும் 180 மதிப்பெண். ஆனால் மோலும் செறிவும் கணக்காக வருகின்றன, வரையறையாக அல்ல. எண்ணை மாற்றிப் போட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும். உப்பளத்தில் ஒரு காலைப் பொழுது செலவிட்ட வகுப்பு, கரைசல்கள் என்ற அலகைப் பாதி நேரத்தில் முடித்துவிடும்.

கல்லூரிகளுக்கு இதில் பெரிய பங்குண்டு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பது பி.எஸ்சி. ஆய்வகப் பயிற்சிதான். நாகர்கோவில் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்கள் மாதம் ஒருமுறை அளந்து, அந்த எண்களைப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய் விளக்கலாம். பள்ளியில் தமிழில் படித்துக் கல்லூரியில் ஆங்கிலத்தில் திணறும் மாணவருக்கு, தான் படித்ததைத் தமிழில் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. தமிழில் வேதியியல் சொல்ல முடியுமா என்ற சந்தேகமே பழசு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் முயற்சியில் 'கெமிஸ்தம்' 1875இலேயே வந்துவிட்டது. ராஜாஜி எழுதிய நூலின் பெயரே 'திண்ணை ரசாயனம்'. திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம் என்று அவர் நம்பினார்.

பிளஸ் ஒன் வேதியியலில் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை, ஊரில் நடக்கும் ஏதாவது ஒரு தொழிலின் வேதியியலை மாணவரே பார்த்து எழுதும் குறிப்புக்கு ஒதுக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். அரசாணை வரும்வரை தலைமை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் அலகு நடக்கும் வாரத்தில் ஒரு பிடி கல்லுப்பு, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு சிரட்டை ரப்பர் பால், ஒரு கைப்பிடி நெல், ஒரு தராசு, ஒரு கட்டு பி.ஹெச். தாள் ஆகியவற்றை மேசையில் வைத்துவிட்டு ஆசிரியர்கள் வகுப்பைத் தொடங்கட்டும். வீட்டில் உப்பளத்திலோ தோட்டத்திலோ வேலை செய்யும் பெற்றோர் இருந்தால், அவர்களை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்கட்டும்.