ஆணத்தில் கிடந்த மாக்கட்டி

அம்பாறைக் கச்சேரியில் அலுவல் உடையோர் நம்மிற் பலர். காணி உத்தரவுப் பத்திரத்திற்காகவும், நீர்ப்பாசனத் தகராறுக்காகவும், ஓய்வூதியக் கோவைக்காகவும் கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து விடியற் காலையில் பஸ் ஏறுகின்றோம். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வயல்களைக் கடந்து அந்நகரை அடைகின்றோம். அலுவல் முடிகிறதோ இல்லையோ, நண்பகலில் பசி வந்துவிடுகிறது. கண்ணிற் பட்ட சாப்பாட்டுக்கடையில் நுழைகின்றோம்.

ஒரு கடையிற் சோறு நன்றாயிருக்கும். மற்றொன்றில் நேற்றைய ஆணத்தை இன்று சுடவைத்துப் படைப்பர். ஒரே கடையைப் பற்றி ஒருவர் புகழ்வர், மற்றொருவர் இகழ்வர். இஃது உலக வழக்கு. நாமும் இக்கரையோரத்து உணவகம் ஒன்றில் புளித்துப்போன ஆணத்தை உண்ண நேர்ந்ததுண்டு. முதலாளியை அழைத்துச் சொன்னோம். அவர் தாமே முகர்ந்து பார்த்தார், முகம் சுருங்கினார், கோப்பையை உள்ளே அனுப்பிவிட்டு எம்மிடம் காசு வாங்க மறுத்தார். மறுவாரமும் அக்கடைக்கே சென்றோம். உண்பவன் குறை சொல்வதும், விற்பவன் அதைத் திருத்துவதும் நாகரிக மக்களிடையே நாள்தோறும் நடக்கும் காரியங்கள்.

ஆனால், உண்பவன் ஒருவனின் குறை ஒரு பள்ளிவாசலை உடைப்பதில் முடிந்த கதையும் நமது மாவட்டத்திலேயே நடந்தது. அதனை நாம் மறந்துவிடலாகாது.

அன்றிரவு நடந்தது என்ன?

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சகோதரர்கள் நடத்திவந்த உணவகம் ஒன்றில், சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் இறைச்சி ஆணத்தில் ஒரு கட்டியைக் கண்டார். அது மலட்டு மாத்திரை என்று கூச்சலிட்டார். சிங்களவரின் தொகையைக் குறைப்பதற்காக முஸ்லிம்கள் உணவில் மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்தி அதற்கு முன்னரே முகநூல் வழியாகப் பரவியிருந்தது. கூட்டம் சேர்ந்தது. காசு மேசையில் இருந்தவரைச் சூழ்ந்து நின்று, “போட்டாயா, போட்டாயா?” என்று சிங்களத்திற் கேட்டனர்.

அவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே தாம் எண்ணியதாகப் பின்னர் அவர் வெளிநாட்டுப் பத்திரிகையாளரிடம் கூறினார். அச்சத்தில் நாக்குழறி, ஆம் என்று பொருள்படும்படி ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவே! அது படமாக்கப்பட்டது, குற்ற ஒப்புதல் என்ற பெயருடன் நாடெங்கும் பரப்பப்பட்டது. உணவகம் நொறுக்கப்பட்டது. நகரின் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்குதலுக்கு இலக்காயின.

மார்ச் மாதத்தில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அக்கட்டியில் மலட்டு மருந்து எதுவும் இல்லை. அது வெறும் மாக்கட்டி. ஓர் உணவினால் மனிதனை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவ உலகம் அறியாது என்பதை எந்த வைத்தியரும் அன்றிரவே சொல்லியிருப்பார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அறிக்கை வருமுன்னரே கண்டி மாவட்டம் பற்றியெரிந்தது. தாக்குதலுக்குள்ளான சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததை அடுத்து, அக்கொடுமைக்கு எவ்வகையிலும் பொறுப்பற்ற திகன, தெல்தெனியப் பகுதி முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல் முதலியன தடுக்கப்பட்டன. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 இல். மன்னிப்பு வர இரண்டு ஆண்டுகள் எடுத்தன. வதந்தி பரவ ஓர் இரவே போதுமாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் கற்றோர் என்ற முறையில் நாம் கேட்பது இதுதான்: அந்தச் சிங்கள வாடிக்கையாளருக்கு முறையிட வழி இருக்கவில்லையா? இருந்தது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், தீங்கான உணவையும் கலப்படம் செய்த உணவையும் விற்பதைக் குற்றமாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மாதிரியை எடுத்து முத்திரையிடலாம், பகுப்பாய்வாளர் அதனைச் சோதிக்கலாம், நீதவான் தீர்ப்பளிக்கலாம். உணவின் தரமும் விலையும் பற்றி முறையிட 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அதிகார சபையும் உண்டு. இவ்வழிகளில் ஒன்றையேனும் நாடியிருந்தால், ஒரு மாக்கட்டி மாக்கட்டியாகவே முடிந்திருக்கும்.

அந்த ஒப்புதலுக்குத்தான் சட்டத்தில் என்ன பெறுமதி? நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலையே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்பது அதன் 25 ஆம் பிரிவின் பொது விதி. சீருடை அணிந்த அதிகாரியின் முன் சொன்னதற்கே அந்த நிலை என்றால், நள்ளிரவில், வெறிகொண்ட கூட்டத்தின் நடுவில், விளங்காத மொழியிற் கேட்ட கேள்விக்குத் தடுமாறிச் சொன்ன ஒரு சொல் எவ்வாறு சாட்சியாகும்?

ஈண்டு மொழிப் பிரச்சினை வெறும் மேடைப் பிரச்சினை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழியும் ஆகும். ஆயினும், தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாவட்டத்தின் தலைநகரில், தன் உயிருக்கு மன்றாடும் ஒருவருக்கு அவர் மொழியில் ஒரு கேள்வியை விளங்கவைக்க ஒருவரும் முன்வரவில்லை. மொழியுரிமை சுற்றுநிருபத்தோடு நின்றுவிட்டால் விளைவது இதுவே.

பழைய நஞ்சு

உணவிலும் நீரிலும் நஞ்சு கலந்தான் என்று சிறுபான்மையோர் மீது பழி சுமத்துவது புதியதன்று. 1348 இல் ஐரோப்பாவிற் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டவர்கள் என்று யூதர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். சவோய் நாட்டில் அவர்களைச் சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கினர். அந்த ஒப்புதலின் பிரதிகள் நகருக்கு நகர் அனுப்பப்பட்டன. 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். அன்று கடிதம் செய்த வேலையை 2018 இல் கைத்தொலைபேசி செய்தது. அடுத்த ஆண்டே, 2019 மே மாதத்தில், அதே மலட்டுப் பழி குருநாகல் மருத்துவர் ஒருவர் மீது சுமத்தப்பட்டதையும் நாடு கண்டது.

நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம்

பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் நோக்க வேண்டும். கல்முனையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். ஒரே வாய்க்கால் நீரில் வேளாண்மை செய்கின்றனர். எனினும், பிரதேச செயலகத் தகராறு சூடேறும் போதெல்லாம், “அவன் கடையில் உண்ணாதே” என்ற பேச்சு இரு பக்கத்திலும் எழுவதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். கடையின் சோற்றில் குற்றம் இருந்தால் சோற்றைச் சொல்லுங்கள். கடைக்காரனின் குலத்தையும் மதத்தையும் சொல்லாதீர்கள். அம்பாறையில் எரிந்தது இதே பொறிதான்.

நமது கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நம்மீது பொய்ப்பழி வந்தது என்பதால் நமது அடுக்களைகள் எல்லாம் தூய்மையானவை என்று ஆகிவிடாது. திறந்த சாக்கடையோரம் பாத்திரம் கழுவுவதும், ஈ மொய்க்கும் பண்டத்தை மூடாது வைப்பதும் இன்னும் ஒழியவில்லை. பரிசோதகரை எதிரியாகக் காணாதீர்கள். வதந்தி வரும் நாளில், அவர் எழுதிவைத்த அறிக்கையே உங்கள் கேடயம்.

செய்ய வேண்டியவை

நாம் கோருவன மூன்று. முதலாவது, மாவட்டத்தின் ஒவ்வொரு உணவகத்திலும், எங்கு எவ்வாறு முறையிடலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொங்கவிடவேண்டும். இரண்டாவது, அம்பாறை மாவட்டத்தின் எந்தப் பொலிஸ் நிலையத்திலும், எந்த நேரத்திலும், இரு மொழியும் அறிந்த அதிகாரி ஒருவரேனும் கடமையில் இருக்கவேண்டும். மூன்றாவது, இன, மதப் பகையைத் தூண்டி வன்செயலுக்கு வழிவகுப்போரைத் தண்டிக்க 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன் 3 ஆம் பிரிவு ஆளுக்கொரு விதமாக அன்றி, எல்லோர்க்கும் ஒரே விதமாகப் பிரயோகிக்கப்பட வேண்டும்.

சிங்களப் பொதுமக்களை நாம் பகைக்கவில்லை. அம்பாறையில் நமக்குத் தேநீர் தந்தவர்களும், பஸ் தவறிய நாளில் திண்ணையில் இடந்தந்தவர்களும் அவர்களிலே உளர். அவர்களும் நாமும் நாளையும் ஒருவர் கடையில் ஒருவர் உண்ண வேண்டியவர்களே. ஆணம் கெட்டிருந்தால் முதலாளியை அழைப்போம். அவர் கேளாவிடிற் பரிசோதகரை அழைப்போம். அதற்கும் பயனில்லையேல் நீதிமன்றம் செல்வோம். கூட்டத்தை மட்டும் அழையாதிருப்போம்!