சீட்டு தப்பினால் சரக்கு சேராது

மைசூரிலிருந்து தெற்கே வரும் சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஊட்டிக்கு, மற்றொன்று வயநாட்டுக்கு. லாரி டிரைவர் தார்ப்பாயைத் தூக்கிச் சரக்கைப் பார்த்து வண்டியைத் திருப்புவதில்லை. கையிலுள்ள சீட்டைத்தான் பார்க்கிறார்.

பிரவுசரும் அப்படித்தான். சர்வர் அனுப்பும் ஃபைலோடு 'மைம் வகை' என்ற சீட்டும் வருகிறது. 1992இல் மின்னஞ்சலுக்காக நதேனியல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த முறை இது. ஜாவா வெப் ஸ்டார்ட் மூலம் இறங்கி ஓடும் புரோகிராமுக்கு வழிகாட்டுவது ஜேஎன்எல்பி ஃபைல். அதற்குச் சர்வர் 'சாதாரண எழுத்து' என்று சீட்டு ஒட்டினால், பிரவுசர் அதைத் திரையில் கொட்டிவிட்டு நிற்கும். புரோகிராம் கிளம்பாது. பழியோ பயனாளரின் கம்ப்யூட்டர் மீது விழும். ஜாவாவை அழித்து மறுபடி ஏற்றியே பொழுது போகும்.

மருந்து சர்வரில் இருக்கிறது. அப்பாச்சி சர்வர் என்றால், ஜேஎன்எல்பிக்கு உரிய வகையைச் சொல்லும் ஒரே வரி போதும். பிறகும் மக்கர் செய்தால், ஃபைலுக்குள் இருக்கும் சர்வர் முகவரி பழையதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கையெழுத்து. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7இன் 51ஆம் திருத்தம் முதல், அங்கீகாரம் பெற்ற டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராமுக்கு வழக்கமான அமைப்பில் தடைதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? கம்ப்யூட்டரில் இருப்பது எந்த ஜாவா என்று பாருங்கள். 2018இல் வந்த ஜாவா 11இல் வெப் ஸ்டார்ட்டே இல்லை. சீட்டும் சரி, சரக்கும் சரி, சாலையையே மூடிவிட்டார்கள். மாற்றுப்பாதை உண்டு: ஓபன்வெப்ஸ்டார்ட் என்ற இலவச மென்பொருள்.