கூலி என்னும் சொல்

தலைமன்னார் இறங்குதுறை வழியே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற இலட்சக்கணக்கான மக்களை ஆங்கிலேய ஆட்சியின் ஏடுகள் ஒரே சொல்லால் பதிந்தன: ‘கூலி’.

இவ்வாங்கிலச் சொல்லின் பிறப்புக் குறித்து அறிஞரிடையே பூசல் உண்டு. குஜராத்தின் கோலி இனத்தார் பெயரே மூலம் என்பர் ஒரு சாரார், தமிழ்க் ‘கூலி’யே என்பர் மறுசாரார், அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லைக் காட்டுவோரும் உளர். சீனரோ, ‘கசப்பான உழைப்பு’ எனப் பொருள்படும் எழுத்துகளால் அதனை எழுதினர். அகராதிகள் இவற்றை வரிசைப்படுத்திவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. நாம் ஓய இயலாது.

தமிழிலே கூலி என்பது உழைத்தவருக்குச் சேர வேண்டிய ஊதியம். வள்ளுவரும் முயற்சியின் பயனையே அச்சொல்லால் சுட்டினார். துரைமார் செய்தது யாது? ஊதியத்தைக் குறுக்கிக்கொண்டு, அதன் பெயரை மட்டும் உழைப்பாளியின் தலையில் சூட்டினர்! தென்னாபிரிக்காவிலே காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். ஊதியத்தின் பெயர் ஓர் இனத்தின் மீதான வசையாயிற்று.

அவ்வசையைச் சுமந்தோர் வந்த வழி இது. 19ஆம் நூற்றாண்டில் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே மாய்த்தன. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வந்தது. கங்காணியிடம் பட்ட கடனோ ‘துண்டு’ என்னும் சீட்டாகித் தோட்டந்தோறும் அவர்களைத் தொடர்ந்தது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கெனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரை எவர் கேட்டார்? அவர்களுள் பெருந்தொகையினர் இதே துறையில் ஏறி இராமேஸ்வரம் சென்றனர்.

துரைமாரைப் பழித்துவிட்டு நாம் தப்பிவிடலாமா? ‘தோட்டக்காட்டான்’ என்று தமிழனை இழித்தவன் தமிழனே அன்றோ! நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டுமென்று 2015இல் எழுந்த கோரிக்கை 2021இல்தான் நிறைவேறிற்று. மறு ஆண்டின் விலையேற்றம் அதனை விழுங்கியது. அந்த ஆறாண்டுகளில் நம்முள் எத்தனை பேர் அவர்கள் பக்கம் நின்றோம்?

ஆசிரியர்களே, மாணவர்களே! இழிசொல்லை ஏட்டிலிருந்து நீக்குவது எளிது. அச்சொல்லின் பழைய பொருள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் முழுமையாகச் சேரும் நாளில்தான் அதன் இழிவு நீங்கும். அந்நாள்வரை, வேர்ச்சொல் ஆராய்ச்சி மட்டும் போதாது.