மணிகளின் வரிசை

குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையைப் பார்க்காமல் திரும்பலாகாது. கிரந்த எழுத்தில், நந்நான்காகக் கோத்த ஸ்வர வரிசைகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். மாணாக்கர்களை அங்கே அழைத்துச் சென்றபோது ஒரு பையன், "ஸ்வரம் ஏழுதானே, ஸார்? இவ்வளவு எழுதுவானேன்?" என்றான். ஏழுதான், எது முன், எது பின் என்பதில் அல்லவா ராகம் இருக்கிறது?

நமது தேகத்திலும் இவ்விதியே ஆட்சி செய்கிறது. ஆலையில் செய்யும் பாலிதீனில் ஒரே மணிதான் திரும்பத் திரும்ப வரும். செயற்கை ரப்பரில் பெரும்பாலும் இரு வகை மணிகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும். புரதமோ, அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளை இடம் பிசகாமல் கோத்த மாலை.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் பலத்துக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பைக் கண்டது சீமையிலே அல்ல, சென்னைச் சர்வகலாசாலையில். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் நாணில் எக்ஸ்ரே கதிர் செலுத்திப் படமெடுத்தார்கள். அதன் மணிகளில் ஏறக்குறைய மூன்றிலொன்று கிளைஸீன் என்பது முன்பே தெரியும். அப்படியானால் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைஸீனாக இருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். மூன்று சங்கிலிகள் புரிக்கயிறு போல இணைந்திருக்கின்றன. நடுவிலுள்ள இடுக்கில் மணிகளுள் மிகச் சிறியதான கிளைஸீனே அடங்கும்! 1954-ல் இது 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. அடுத்த வருஷம் அவர்களே புரியின் முறுக்கைத் திருத்தினார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் மேல்நாட்டார் தர்க்கித்தார்கள். மூன்று புரி என்பது நிலைத்துவிட்டது. வாட்ஸன், கிரிக் பெயர்களை அறிந்த என் மாணாக்கர்களில் ஒருவனும் இவ்விருவர் பெயரையும் கேட்டதில்லை.

மணிகளை வரிசை தவறாமல் ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையை மெரிபீல்டு என்னும் அமெரிக்கர் 1963-ல் வெளியிட்டார். 1984-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று இயற்கையில் இல்லாத மணிகளையும் ரசாயனிகள் அவ்வாறே கோக்கிறார்கள்.

வரிசை பிசகினால் என்ன ஆகும்? கொலாஜன் சங்கிலி ஒன்றில் சுமார் 1000 மணிகள். அவற்றில் ஒரேயொரு கிளைஸீன் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய மணி ஒன்று புகுந்தால் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. அத்தகைய பிழையுடன் பிறந்த சில குழந்தைகளுக்குத் தூக்கி எடுத்தாலே எலும்பு முறியும். தாய் கவனமின்றிக் கீழே போட்டுவிட்டாள், அடித்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தார் பேசுவதுண்டு. வைத்தியர்களே சந்தேகப்பட்டதும் உண்டு. இக்குறை சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. சிலருக்கோ, தாய் தந்தையர் இருவரிடமும் இல்லாமல், குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது.