நாட்காட்டியில் ஒரு நிறம்

எங்கள் மகனுக்கு நான்கு வயது முடிந்த சில மாதங்களில் இரத்தப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகை அது என்றும், முறையாகச் சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் குணமடைகின்றனர் என்றும் மருத்துவர் கூறினார். அந்த ஆறுதலோடு இன்னொன்றையும் கூறினார்: சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதற்செய்தியைப் பற்றிக்கொண்டு அன்று வீடு திரும்பினோம். இரண்டாவது செய்தியின் பொருள் விளங்கப் பல மாதங்கள் ஆயின.

இரண்டு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை எழுத்து கற்று, எண்ணக் கற்று, பால்பற்கள் விழத் தொடங்கும் வரையிலான காலம். அத்தனை நாளும் 'சிகிச்சை முடியட்டும், பிறகு விளையாடலாம்' என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உடன்பிறந்த மற்றொரு பிள்ளையிடம் 'தம்பி குணமாகட்டும், பிறகு உன்னைக் கவனிக்கிறேன்' என்றும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நான் இரண்டையும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் பேருந்து நடத்துநர். அவருடைய பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். வீட்டில் சர்க்கரை நோயுள்ள என் மாமியாரும், அப்போது நான்காம் வகுப்பில் படித்த மகளும் இருந்தனர். விருதுநகருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டமில்லாத முதற் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் எழ வேண்டும். யார் மருத்துவமனையில் இருப்பது, யார் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாரின் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது என்ற கேள்விகள் ஒவ்வொரு நாளும் புதிதாக எழுந்தன. ஒவ்வொரு நாளும் புதிதாகச் சண்டையும் எழுந்தது.

ஆசிரியை என்பதால் ஒழுங்குபடுத்துவது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்தேன். மூன்று காரியங்கள் செய்தேன். அவை இன்றும் பயன் தருகின்றன. ஆகவே முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஒரே ஒரு குறிப்பேடு. தேதி, உடல் வெப்பம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கொடுத்த மருந்து, மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐயம் எல்லாம் அதில்தான். துண்டுச் சீட்டுகளில் எழுதியவை எங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

இரண்டாவது, வாசலருகே எப்போதும் ஆயத்தமாக இருக்கும் பை. இந்தச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் காலம் தாழ்த்தக் கூடாது. வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டினால் நாமாகக் காய்ச்சல் மாத்திரை கொடுக்காமல், உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. நள்ளிரவில் அந்த எண்ணைக் கண்டபோது மாற்றுடையும், காப்பீட்டு அட்டையின் நகலும், குடும்ப அட்டையின் நகலும், கைப்பேசி மின்னேற்றியும், தண்ணீர்ப் புட்டியும் அந்தப் பையில் இருந்ததால் பத்து நிமிடங்களில் புறப்பட முடிந்தது.

மூன்றாவது, சமையலறைச் சுவரில் ஒரு பெரிய மாத நாட்காட்டி. மகனின் மருத்துவமனை நாட்களுக்குச் சிவப்பு, கணவரின் பணி நேரத்துக்கு நீலம், என் பள்ளித் தேர்வுகளுக்கு ஊதா, மாமியாரின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் பழுப்பு. உறவினர் வந்து பார்த்துப் பாராட்டினர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மாலை மகள் அதன் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "இதில் என் நிறம் எது, அம்மா?"

அவளுக்கு நிறமே இல்லை. அவளுடைய பள்ளி ஆண்டு விழா அதில் இல்லை. அவள் பிறந்த நாள் வரும் வாரத்தில் மூன்று சிவப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன. அவள் நோயாளி அல்லள், உழைத்துப் பொருள் ஈட்டுபவள் அல்லள், ஆகவே திட்டமிட வேண்டியவளும் அல்லள் என்று நான் என்னையறியாமலே முடிவு செய்திருந்தேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தானே தலை வாரிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அல்லவா! தொல்லை தராத பிள்ளைக்கு இடம் ஒதுக்க நான் மறந்துபோனேன்.

அன்றிரவே பச்சை நிறப் பேனா ஒன்றை அவளிடம் கொடுத்தோம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அவளுடையது. அந்த நேரத்தில் நான் அவளோடு மட்டும் இருப்பேன் என்று முடிவாயிற்று. முதல் சனிக்கிழமை மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். காய்ச்சல் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் அவள் தம்பியைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டாளாம். அதனால்தான் இந்த நோய் வந்ததோ என்று ஐந்து மாதங்களாக அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த ஐந்து மாதங்களில் ஒருவரும் அவளிடம், 'இது யாருடைய தவற்றாலும் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று' என்று சொல்லவில்லை. மருத்துவர் எங்களுக்கு முதல் நாளே சொன்ன செய்தி அது. பெரியவர்களிடமே அது நின்றுவிட்டது. குடும்பத்தை ஒழுங்குபடுத்துவது என்பது வேலைகளைப் பங்கிடுவது மட்டும் அன்று; அறிந்ததைப் பங்கிடுவதும் அதில் அடங்கும் என்று நான் உணர்ந்தது அப்போதுதான். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளிடம் நோயின் பெயரையும், அது எதனால் வரவில்லை என்பதையும், யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்.

அடுத்து, விளையாட்டு. தொடக்க மாதங்களில் மகன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுவதே எங்கள் வழக்கம். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய படம் சொட்டு மருந்து ஏறி முடியும் மாலை வரை ஓடும். 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் அமர்ந்திருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதைப் பள்ளியில் பெற்றோருக்கு எடுத்துரைத்தவளே நான்தான்! வார்டில் அமர்ந்திருக்கும் தாயை இதற்காகக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. ஊசி குத்தும் வேளையில் ஒரு பாட்டுக் காட்சி குழந்தையின் கவனத்தைத் திருப்பி வலியைத் தணிப்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். வீட்டிலிருக்கும் அக்காளின் முகத்தைக் காட்டுவதும் அதே கைப்பேசிதான். என் கருத்து இதுதான்: கைப்பேசியைக் கடினமான பத்து நிமிடங்களுக்காகச் சேமித்து வையுங்கள். நாள் முழுவதும் ஓடினால், தேவைப்படும் நேரத்தில் அதற்கு ஆற்றல் இராது.

மீதி நேரத்துக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் விளையாட்டுகளை உடல்நிலைக்கேற்ப மூன்றாகப் பிரித்தோம். படுத்திருக்கும் நாள், அமர்ந்திருக்கும் நாள், எழுந்து நடக்கும் நாள். பிள்ளை காலையில் எந்த நாளில் இருக்கிறான் என்று பார்த்த பிறகே விளையாட்டைத் தேர்ந்தெடுப்போம்.

படுத்திருக்கும் நாளுக்குக் கையும் காலும் தேவையில்லாதவை: விடுகதை, ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது, ஆளுக்கொரு வாக்கியமாகக் கதையை வளர்ப்பது. அப்பத்தா தொலைபேசியில் சொல்லும் கதையின் பாதியை இன்றும் மறுபாதியை நாளையும் கேட்பது. பாதிக்கதை இருந்தால் நாளை என்பது மருந்துக்கான நாளாக மட்டும் இராது.

அமர்ந்திருக்கும் நாளுக்கு ஒற்றைக் கையால் ஆடக்கூடியவை: பரமபதம், தாயம், பல்லாங்குழி. வலக்கையால் எழுதும் பிள்ளை என்று முன்கூட்டியே சொன்னால், இயன்ற போதெல்லாம் செவிலியர் இடக்கையில் ஊசிக்குழாயைப் பொருத்துகின்றனர். மரப் பல்லாங்குழியைக் கழுவி உலர்த்துவது கடினம் என்று நாங்கள் தயங்கியபோது மகள் ஒரு வழி கண்டாள். குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி உறையவைக்கும் பிளாஸ்டிக் தட்டில் வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள்! குழிக்கு 5 வீதம் 70 சட்டைப் பொத்தான்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினாள். புளியங்கொட்டைக்குப் பதில் பொத்தான். பலகைக்குப் பதில் பனிக்கட்டித் தட்டு. வாயில் போடும் வயதுள்ள சிறு குழந்தைகள் அருகில் இருந்தால் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்குக் கழுவ இயலாத பஞ்சுப் பொம்மையும் மண் விளையாட்டும் ஏற்றவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எழுந்து நடக்கும் நாளில், மருத்துவர் இசைந்தால், நடைவழியில் சன்னல்களை எண்ணுவோம். எக்ஸ்ரே அறை எத்தனை அடித் தொலைவு என்று பந்தயம் கட்டுவோம். ஓடவும் குதிக்கவும் கூடாத நாட்கள் உண்டு; தட்டணுக்கள் குறைந்திருக்கையில் சிறு அடியும் இரத்தக்கசிவாகும். அந்நாட்களில் எண்ணும் விளையாட்டே போதும்.

இவற்றுள் எங்களுக்கு மிகுந்த வியப்பளித்தது ஒரு பிளாஸ்டிக் பொம்மையும், செவிலியர் ஒருவர் கொடுத்த ஊசியில்லாத புதிய மருந்தேற்றியும். மகன் பொம்மைக்கு நாள்தோறும் மருந்து ஏற்றினான். "வலிக்கும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று அதனிடம் சொன்னான். அது அச்செவிலியர் அவனிடம் சொன்ன சொல். நாங்களோ 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லிவந்தோம். பொம்மையிடம் அவன் எங்கள் சொல்லை ஒருமுறையும் சொல்லவில்லை.

"உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார், கணவர் உதவுகிறார், தனியாளாக வந்து தரையில் படுத்திருக்கும் தாய் இத்தனையும் செய்வாளா?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. என் சனிக்கிழமை மணியே பலமுறை தவறியிருக்கிறது. ஒருமுறை மகள் தலை வாரிக் காத்திருக்கையில் தம்பிக்குக் காய்ச்சல் ஏறியது. எல்லாவற்றையும் ஒருவர் செய்ய முடியாது. ஒன்றை மட்டும் செய்யுங்கள்: வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு நேரம் குறித்து, அதை அவர்களிடம் சொல்லுங்கள். தவறினால், தவறியது என்று ஒப்புக்கொண்டு வேறு நாள் குறியுங்கள்.

குடும்பம் மட்டும் செய்து முடிக்கும் காரியமும் அன்று இது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் குழந்தைக்குள்ள உரிமையை ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31-ஆம் பிரிவில் ஏற்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை என்று எங்கும் எழுதப்படவில்லை. பெற்றோரைக்கூடக் குறித்த நேரம் மட்டுமே அனுமதித்த மருத்துவமனைகள் பிரிட்டனில் மிகுந்திருந்த காலத்தில், 1959-இல் வெளிவந்த பிளாட் அறிக்கை அவ்வழக்கத்தை மாற்றப் பரிந்துரைத்தது. ஆக, வார்டு விதிகள் மாறக்கூடியவையே.

நம் மருத்துவமனையிடம் என் வேண்டுகோள் மூன்று. இரத்தப் பரிசோதனை முடிவு ஏறத்தாழ எத்தனை மணிக்கு வரும் என்பதைக் காலையிலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரம் காத்திருப்பதற்கும் ஐந்து மணி நேரம் காத்திருப்பதற்கும் நாங்கள் எடுத்துவரும் விளையாட்டு வேறு. கழுவித் துடைக்கத்தக்க பொருட்கள் கொண்ட ஓர் அலமாரியைப் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் வையுங்கள். அதைத் தூய்மை செய்யும் முறைப்பணியைப் பெற்றோர் நாங்களே ஏற்கிறோம். தொற்று அச்சத்தால் உடன்பிறந்தோரை உள்ளே விட இயலாது என்பது புரிகிறது. அவர்களும் ஒருமுறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் பேசி ஐயம் கேட்க ஒரு நேரம் ஒதுக்குங்கள். என் மகளின் ஐந்து மாத அச்சம் ஐந்து நிமிடங்களில் தீர்ந்திருக்கும்.

மகன் இப்போது பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறான். பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை. மருத்துவமனைப் பயணம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் நாட்காட்டியில் நிறமிடும் பொறுப்பு மகளுடையது. அவள் தன் பச்சையை முதலில் இட்டுக்கொள்கிறாள். அதற்குப் பின்புதான் தம்பியின் சிவப்பு. அந்த வரிசையை மாற்றும்படி நாங்கள் சொல்வதில்லை.