பந்தி பிரிப்பது யார் பொறுப்பு?

நமது செயற்றிட்டக் கோவைகள் பலவற்றின் முதற்பக்கத்தில் பூ வேலைப்பாடுள்ள சட்டகம் இருக்கும். தலைப்பு வர்ண எழுத்தில் மின்னும். உள்ளே புரட்டினால் ஒரு பந்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. கையால் எழுதியதைக் கொமினிகேஷனில் கொடுத்து, "அழகாக அடித்துத் தாருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். இது சரியல்ல என்பதே என் கருத்து.

பந்தி அலங்காரமல்ல. ஒரு கருத்து முடிந்து மற்றொன்று தொடங்குவதை வாசிப்பவருக்குக் காட்டும் அடையாளம் அது. எங்கே பிரிக்க வேண்டும் என்பது எழுதியவளுக்குத்தான் தெரியும்.

இதற்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை. இடைவெளிக்காக என்டர் விசையைப் பலமுறை தட்டினால், பின்னர் ஒரு வசனத்தைச் சேர்த்ததுமே அடுத்த பக்கத்துத் தலைப்பு இடம் மாறிவிடும். வேர்ட் மென்பொருளில் பந்தி இடைவெளியை ஒருமுறை அமைத்தால் போதும். புதிய பக்கம் வேண்டுமானால் கொன்ட்ரோல் விசையுடன் என்டரை அழுத்தலாம்.

தமிழில் நீண்ட சொற்கள் அதிகம். இரு ஓரங்களையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்குவதே வாசிக்க இலகு. 'கி' மேலே வளையும், 'கூ' கீழே இறங்கும். எனவே வரி இடைவெளி 1.5 இருப்பது நல்லது. தாளின் அளவையும் பார்க்க வேண்டும். நாம் அச்சிடும் ஏ4 தாள் 210 × 297 மில்லிமீற்றர். கணினியில் லெட்டர் அளவு தெரிவாகியிருந்தால் அது 216 × 279 மில்லிமீற்றர்; அச்சில் ஓரங்கள் மாறிவிடும். கோவையாகக் கட்டுவதற்கு இடப்பக்கத்தில் கூடுதல் இடம் விடாவிட்டால் எழுத்துகள் மடிப்புக்குள் மறையும்.

எல்லா வீடுகளிலும் கணினி இல்லை என்பது உண்மை. கணினி இல்லாத மாணவி தன் கையெழுத்துப் பிரதியிலேயே பந்திகளையும் ஓர அளவையும் குறித்துக் கொடுக்கலாம். தட்டச்சு மட்டும் கடைக்காரரின் வேலையாக இருக்கட்டும்.

பெற்றோரே, கடைக்குக் கொடுக்கும் பணத்தால் இன்றைய செயற்றிட்டம் முடிந்துவிடும். நாளை பல்கலைக்கழக ஒப்படையையும் வேலைக்கான விண்ணப்பத்தையும் உங்கள் மகள்தான் அமைக்க வேண்டும். ஆசிரியைகளும் பூச்சட்டகத்துக்குப் புள்ளி இடுவதை நிறுத்தி, ஒழுங்காகப் பிரித்த பந்திக்கு இட்டால், நாங்கள் விரைவில் கற்றுக்கொள்வோம்.